கடுகளவு

காலை ஆறேகாலுக்குக் குழாயைத் திறக்கிறேன்.
இருமுகிறது.
பிறகு அந்த இருமலும் இல்லை.

பிப்ரவரி. மிட்செல்ஸ் பிளெய்னில் தென்கிழக்குக் காற்று
மணலை அள்ளிவந்து
கழுவாத தட்டுகளில் பரிமாறிவிட்டுப் போகிறது.

போன வருஷம் ரசீதுகள்தான் முதலில் வீங்கின.
எழுநூறு ராண்ட். ஆயிரத்து நூறு. இரண்டாயிரத்துச் சொச்சம்.
கட்ட முடியாதவர்கள் வாசலில் நகராட்சி ஒரு நீலப் பெட்டி பதித்தது:
நள்ளிரவில் அன்றைய பங்கை அளந்து விடும்,
தீர்ந்தால் மறுநாள்வரை வாய் திறக்காது.
விடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது.
ஆறு பேரும் தூங்கும் வீட்டில்
யார் எழுந்து குடித்தது அத்தனையும்?

ஒளூ செய்ய ஒரு தேநீர்க் கோப்பை என்றிருந்ததை
முக்கால் கோப்பை ஆக்கினேன்.
ஞாயிறு விற்கும் கூசிஸ்டர் மாவைப் பிசைய
முனைக்கடையில் ஐந்து லிட்டர் கேன் வாங்கினேன்;
லாபம் கேனோடு போயிற்று.
ஜனாஸா சங்கச் சந்தா மூன்று மாத பாக்கி,
ஆகவே யாரும் சாகக் கூடாது என்று சொல்லிச் சிரித்தோம்.
அந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

சந்தேகம் தவ்ரீக் மேல் விழுந்தது.
பத்தொன்பது வயது, தோள்வரை முடி, தாழிட்ட குளியலறை.
"மூணே நிமிஷம்மா" என்பான்.
கனீஃப் கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தோடு நின்றார்.
மூன்று நிமிஷம்தான் ஆனது.
கடிகாரத்தையும் அவர் நம்பவில்லை.

ஒரு வியாழன் இரவு வார்த்தை தடித்தது.
"என் காசில் குளிக்கிறாய்" என்றார்.
ஒரு பை, ஒரு துண்டு.
அத்லோனில் ஒரு நண்பன் வீடு.

வெள்ளி காலை
ஓர் ஆள் குறைந்த வீட்டில்
குழாய் அதேபோல் இருமியது.

கனீஃப் என்னைப் பார்த்தார். நான் கெட்டிலைப் பார்த்தேன்.

டெஸ்லின் ஃபோர்ட்யின் வந்தாள், பழைய பைக்கில், பிளம்பர்.
ஃபிரிட்ஜை அணைக்கச் சொன்னாள்.
மூச்சையும் கொஞ்சம் அடக்குங்கள் என்றாள்.
இரும்புக் கம்பியின் ஒரு முனை தரையில், ஒரு முனை காதில்.
கூடம். சமையலறை. கொல்லை.
அத்தி மரத்தடியில் நின்றவள்
நாடி கிடைத்த மருத்துவச்சிபோல் விரலை உயர்த்தினாள்.

களிமண்ணாக இருந்தால் சகதி காட்டிக்கொடுத்திருக்கும்.
இது மணல்.
எவ்வளவு குடித்தாலும் உதடு நனையாது.

தெருவெல்லாம் காய்ந்து பழுத்த கோடையில்
எங்கள் அத்தி மட்டும் உள்ளங்கை உள்ளங்கையாய்ப் பச்சை.
பரக்கத் என்றோம்.
கிண்ணம் கிண்ணமாய்ப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.
எல்லோரும் கையேந்தி துஆ செய்தார்கள்.
ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்:
பழம் ஒன்று நாற்பத்தொரு ராண்ட்.
யுமைனா வீட்டுக்கு மட்டும் இருபத்திரண்டு பழம் போயிருக்கிறது.
அவள் ஜாம் போட்டுப் பாதியைத் திருப்பித் தந்தாள், பாவம்.

குழாயில் ஓட்டை கடுகளவு.
டெஸ்லின் வெட்டியெடுத்த துண்டைக் கனீஃப் கழுவி
ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு அவனுக்குப் போன் செய்தார்.
"ஓட்டை அகப்பட்டது. மரத்தடியில்."
அந்தப் பக்கம் நீண்ட அமைதி.
"சரி, பாப்பா."
வைத்துவிட்டார்கள் இருவரும்.
சுவர் பார்த்து நின்றவருக்குத் தோள் குலுங்கியது;
கம்பி தேவைப்படவில்லை எனக்கு.

இப்போது குழாய் முழு வாயோடு பேசுகிறது.
அத்தி இலை பழுத்து உதிர்கிறது.
துணி அலசிய தண்ணீரை வாளியில் தூக்கிப்போய் ஊற்றுகிறேன்,
குற்றவாளிக்குச் சோறு போடுவதுபோல்.

தவ்ரீக் வருவது அத்தி பூத்தாற்போல்.
இந்த ஞாயிறு வந்தான், முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.
சாப்பிடும் முன் கை கழுவப் போனான்.
நூலளவு திறந்தான்.
உதடு அசைந்தது, ஏதோ எண்ணுவதுபோல்.
மூடினான்.

"நல்லாத் திறடா"
என்றார் கனீஃப் கூடத்திலிருந்து,
தேவைக்குக் கொஞ்சம் உரக்க.